இரண்டு மைதானமும் ஒரு விசிலும்

விசில் ஊதுவதற்காக ஒரு மனிதன் கடல் தாண்டிப் போவான் என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை. "உள்ளதைச் சொல்லுங்க, சிலோன்ல நெலம் கிலம் வாங்கப் போறீங்களா?" என்று பெட்டி கட்டும்போதுகூடக் கேட்டாள். திருச்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் டிரில் மாஸ்டருக்கு நிலம் வாங்கும் யோகம் ஏது? அந்தக் கோடை விடுமுறையில் மற்ற வாத்தியார்கள் கொடைக்கானல் போனார்கள். போக முடியாதவர்கள் போய் வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் இலங்கையின் பதுளையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே நடக்கும் கால்பந்துக் கிண்ணப் போட்டி இறுதிக்கு வந்துவிட்டது, நடுவராக வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று.

அழைத்தவர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது விடுதியில் எனக்கு அறைத் தோழர். இப்போது பதுளையில் ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் பெரிய கிளாக்கர், கூடவே அந்தக் கிண்ணப் போட்டிக்குச் செயலாளர். உள்ளூர் நடுவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பெண் எடுத்தோ கொடுத்தோ இருந்தார்கள். எந்தப் பக்கம் விசில் ஊதினாலும் மாமனார் வீட்டுக்காக ஊதினான் என்று பேச்சு வந்தது. ஆகவே கடலுக்கு அப்பாலிருந்து, யாருக்கும் மருமகன் ஆகாத ஒருவன் தேவைப்பட்டான்.

தலைமன்னாரில் சுங்க அதிகாரி என் பெட்டியைக் கிளறி விசிலை வெளியே எடுத்தார். "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "என் தொழில்" என்றேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஊதிக் காட்டும்" என்றார்.

ஊதினேன். டிரில் மாஸ்டருக்கு மெதுவாக ஊதத் தெரியாது. பக்கத்தில் கொழும்பு ரயில் நின்றுகொண்டிருந்தது. வரிசையில் நின்ற சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு ரயிலைப் பார்த்து ஓட்டம் பிடித்தது. ஒரு அம்மாள் குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுத் தான் ஏறுவதற்குக் கதவைத் தேடினாள். ரயிலின் நிஜமான கார்டு பச்சைக் கொடியோடு ஓடிவந்து, "என் வண்டிக்கு விசில் ஊத நீ யார்?" என்று சண்டைக்கு நின்றார். எங்கள் திருச்சி ஜங்ஷனில் கார்டு ஊதினாலும் நம்மவர்கள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். இந்த நாட்டில் சத்தத்துக்கு மதிப்பு அதிகம் என்று அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன். எவ்வளவு அதிகம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அங்கிருந்து பதுளைக்குப் போன விவரம் வேண்டாம். முதலில் வியர்த்தது, பிறகு குளிர்ந்தது, பிறகு மிகவும் குளிர்ந்தது. இருந்த இரண்டு சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பதுளை ஸ்டேஷனில் இறங்கினேன்.

"வாரும் மாஸ்டர், வாரும்! என்ன காணும் இப்பிடி ஊதிப் போனீர்?" என்றார் அம்பலவாணர்.

"ரெண்டு சட்டை" என்றேன்.

அவர் வீட்டில் இடியாப்பமும் சொதியும் சம்பல் என்ற தேங்காய்த் துவையலும் பரிமாறினார்கள். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்த வெளுத்த குழம்பு. பார்த்தால் பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கும், தின்றால் நிறுத்த முடியாது. சாப்பிட்டு முடித்துக் காப்பி கேட்டேன். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை நிற்கும் ஊரில் காப்பி கேட்டவனை அந்த வீட்டு அம்மா பரிதாபமாகப் பார்த்தார். தேத்தண்ணிதான் வந்தது. தூள் நம் ஊரில் குடிப்பதைவிட மட்டமாக இருந்தது. கேட்டதற்கு அம்பலவாணர், "நல்லதெல்லாம் சீமைக்குப் போயிடும் காணும். பெட்டியிலை ஒட்டினதைத் தட்டித்தான் நாங்கள் குடிக்கிறம்" என்றார்.

அன்று மாலை போட்டியின் விதியை விளக்கினார். ஐரோப்பாவில் இப்போது நாடு விட்டு நாடு பெரிய கிளப்புகள் மோதும் புதிய போட்டி ஒன்று தொடங்கியிருக்கிறதாம். அதில் இரண்டு கிளப்பும் ஒரு தடவை இவர்கள் மைதானத்தில், ஒரு தடவை அவர்கள் மைதானத்தில் ஆட வேண்டும். இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டிப் பார்த்து, அதிகம் போட்டவர் ஜெயித்தவர். கிண்ணத்தின் தலைவரான வயதான வெள்ளைக்காரத் துரை இதைக் கப்பலில் வந்த பழைய பத்திரிகையில் படித்துவிட்டு, "நாமும் அப்படியே செய்வோம்" என்று சொல்லிவிட்டார்.

துரை சொல்லிவிட்டார். தோட்டத்துச் சனத்துக்கு யார் சொல்வது? முதல் சுற்றில் ஜெயித்த ஒரு தோட்டம் அன்று இரவே ஆடு வெட்டிச் சாமிக்குப் படைத்துச் சாப்பிட்டும் விட்டது. மறுவாரம் இன்னொரு ஆட்டம் இருக்கிறது என்று ஆள் போனபோது, "ஜெயிச்சதுக்கு அப்புறம் என்னாத்துக்கு வெளாடணும்? ஆட்டைத் திருப்பிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்களாம். தோற்ற தோட்டத்துக்கு மட்டும் விதி உடனே புரிந்துவிட்டது. அவர்கள் மறுவாரம் போய் நாலு கோல் போட்டு ஆட்டுக்கறி தின்றவர்களை வெளியேற்றினார்கள்.

இப்படியாக இறுதிக்கு மிஞ்சியவை இரண்டு தோட்டங்கள். ஒன்று அப்புத்தளைக்கு மேலே மலை உச்சியில் இருக்கும் ஊசிக்கல். மற்றொன்று தெமோதரைப் பக்கம் பள்ளத்தில் கிடக்கும் கரடிப்பள்ளம். முதல் ஆட்டம் ஊசிக்கல்லில், அடுத்த சனிக்கிழமை இரண்டாவது ஆட்டம் கரடிப்பள்ளத்தில்.

சனிக்கிழமை காலை அப்புத்தளைக்கு ரயிலேறினோம். அங்கிருந்து மேலே போகக் கொழுந்துச் சாக்கு ஏற்றும் லொறி வந்திருந்தது. நானும் அம்பலவாணரும் சாக்குகளின் மேல் உட்கார்ந்தோம். மூடுபனியில் லொறியின் மூக்கு லொறிக்கே தெரியவில்லை. ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், ரோடு இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "இருக்குங்க, நேத்து இருந்த எடத்துலயேதான் இருக்கு" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். அதற்குப் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊசிக்கல்லில் எங்களை வரவேற்றவன் முனியாண்டி, அந்த அணியின் கேப்டன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை அரைக்கும் ரோலர் மிஷினில் வேலை. அணியில் பாதிக்கு மேல் தொழிற்சாலை ஆட்கள்தான். மிஷின் சத்தத்தில் பேசிப் பழகியவன் என்பதால், என் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி பேசினான்.

"வாங்க ஐயா! நம்ம ஊரு ஆளு! எங்க தாத்தாவும் திருச்சிப் பக்கந்தாங்க, துறையூரு!"

தடிமனான கோதுமை ரொட்டியும் உறைப்பான சம்பலும் கொடுத்தார்கள். தேத்தண்ணிக்குச் சீனி தனியாக உள்ளங்கையில் வைக்கப்பட்டது; ஒரு வாய் குடித்து ஒரு நக்கு நக்க வேண்டும். எனக்குப் பழக்கமில்லை. முதலில் சீனியை முழுவதும் நக்கிவிட்டு மிச்சத்தைக் கசப்பாகக் குடித்தேன். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு மைதானத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். நான் எத்தனையோ மைதானம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மலையின் விலாவை வெட்டி எடுத்த சமதளம் அது. ஒரு பக்கம் செங்குத்தான மண்சுவர். மறுபக்கம் நேராகக் கீழே இறங்கும் தேயிலைச் சரிவு. பந்து அந்தப் பக்கம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எட்டிப் பார்க்கச் சொன்னான். கீழே புதர்களுக்கு இடையே கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வருகிற பந்தைக் கூடையில் ஏந்துவது அவர்கள் வேலை.

"அந்தக் கடைசியில கோல் கம்பம் இருக்கா?" என்று பனியைக் காட்டிக் கேட்டேன்.

"இருக்குங்க. சாயங்காலம் தெரியும்."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் முதல் தடவையாகத் தணிந்தது.

"இது நாங்களே வெட்டுனதுங்க ஐயா. பழைய தொரை சரின்னாரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை, ஆம்பள பொம்பள அம்புட்டுப் பேரும் மம்பட்டி எடுத்தோம். இப்ப புதுத் தொரை வந்திருக்காரு. சும்மா கெடக்கிற எடத்துல தேயிலை வைக்கணும்னு கம்பெனி சொல்லுதாம். கப்பு வந்துச்சுன்னா கிரவுண்டு இருக்கட்டும், தொரைங்க கிளப்புல போய்ப் பெருமையாச் சொல்லிக்கலாம்னாரு. வரலைன்னா வர்ற மழைக்குக் கன்னு நடுறாங்க."

சற்று நேரம் காலால் புல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இங்க இருக்கிறவங்க எங்களை இந்தியாக்காரன்கிறாங்க. அங்க போனா சிலோன்காரன்பாங்களாம். இந்த நாட்டுல எங்களுதுன்னு காட்டுறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு ஐயா" என்றான்.

அவன் பக்கம் சாய்ந்துவிடுவேன் போலிருந்தது. நடுவனுக்கு அது ஆகாது. விசிலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, விதிகளை மனத்துக்குள் ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

பிற்பகல் பனி கொஞ்சம் விலகியது. கரடிப்பள்ளத்து அணி இரண்டு லொறிகளில் வந்தது. அவர்கள் தோட்டத்தில் தொழிற்சாலை கிடையாது. எல்லோரும் மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்கள், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்துவிடுகிறவர்கள். கால்கள் இரும்பு. அவர்களோடு சன்னாசி என்று ஒரு மேளக்காரர் தப்பு மேளத்தோடு வந்து, மண்சுவர் ஓரமாக நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சி, அடியை ஆரம்பித்தார்.

ஆட்டம் தொடங்கியது. எல்லோரும் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்தவன் நான் ஒருவன்தான், வழுக்கி விழுந்தவனும் நான் ஒருவன்தான். கொஞ்ச நேரத்தில் கூட்டம் என் காலைக் காட்டிக் கத்த ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் வெள்ளைக் காலுறை சிவப்பாகிவிட்டது. யாரோ உதைத்துவிட்டான் என்று நினைத்தேன், அட்டை. முனியாண்டி பந்தை விட்டுவிட்டு ஓடிவந்து வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தடவி அதைக் கழற்றினான். ஆட்டத்தின் நடுவே நடுவரைத் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. அட்டைக்கு விதிவிலக்கு உண்டா என்று புத்தகத்தில் இல்லை.

ஊசிக்கல் இரண்டு கோல் போட்டது. இரண்டும் முனியாண்டியின் உதை. பந்து சரிவில் போகும்போதெல்லாம் கீழேயிருந்து "பிடிச்சாச்சு!" என்று பெண்குரல் கேட்கும், கூடையிலிருந்து பந்து மேலே பறந்து வரும். கிண்ணத்தின் தலைவர் துரையும் ஊசிக்கல்லின் புதுத் துரையும் குடையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊசிக்கல் துரை சுருட்டைப் பற்ற வைத்துவிட்டார்.

நாலு மணிக்குத் தொழிற்சாலையில் சங்கு ஊதியது.

ஊசிக்கல் அணியின் பதினோரு பேரும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, ஓரடி பின்னால் வைத்து, அப்படியே நின்றார்கள். கோல் காவலன் உட்பட. என் வாழ்நாளில் இப்படி ஒரு டிரில்லை என்னிடம் படித்த எந்த வகுப்பும் செய்ததில்லை. கரடிப்பள்ளத்துக்காரர்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. போலீஸ் வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவன் பந்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே போய், கையைத் தூக்கி நின்ற காவலனைச் சுற்றி, கோலுக்குள் விட்டுவிட்டு வந்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடுவர் விசில் ஊதும்வரை ஆட்டம் நிற்காது. உலகம் முழுவதும் அதுதான் விதி. நான் ஊதவில்லை, சங்குதான் ஊதியது. கோல் என்று கையைக் காட்டினேன்.

"ஐயா, சங்கு ஊதுனா மிஷினு ஓடப் போவுதுன்னு அர்த்தம்! கைய எடுத்துட்டுத் தள்ளி நிக்கணும், இல்லாட்டி கையே போயிடும்! மூளைக்கு முன்னாடி கை தூக்கிடுதுங்க, நாங்க என்னா செய்யிறது?" என்று முனியாண்டி கத்தினான்.

அவன் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் சங்குக்கு ஒரு விதி, விசிலுக்கு ஒரு விதி என்று நான் ஆரம்பித்தால் என்னைக் கடல் தாண்டி அழைத்ததற்கு அர்த்தமில்லை. விசில்தான் கணக்கு, கோல் கோல்தான் என்றேன். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. இனி ஒரு கோல் முன்னிலையை வைத்துக்கொண்டு அவர்கள் கரடிப்பள்ளம் போக வேண்டும்.

"நீர் செய்தது முழுக்கச் சரி" என்றார் அம்பலவாணர். "ஆனா எங்களுக்கு லொறி தரமாட்டினம்."

தரவில்லை. கரடிப்பள்ளத்து லொறிகளில் ஏறினால் பட்சபாதம் என்று பேச்சு வரும். ஆகவே நடந்தோம். அப்புத்தளைவரை இறக்கம்; பூட்ஸுக்குள் நகம் நசுங்கியது. துணைக்கு மேளக்காரர் சன்னாசி வந்தார். லொறியில் குலுங்கினால் மேளத்தின் தோல் தளர்ந்துவிடுமாம். வழியெல்லாம் மேளத்தைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு, எங்களைத் திட்டாமல் பனியைத் திட்டிக்கொண்டு வந்தார்.

"இங்கதான் சங்கு கிங்கு எல்லாம். கரடிப்பள்ளத்துல நான்தாங்க சங்கு" என்றார். "விடியக்காலைல பெரட்டுத் தப்பு தட்டுவேன். அம்புட்டுப் பேரும் களத்துல வந்து வரிசையா நின்னு கங்காணிகிட்டப் பேர் குடுக்கணும். நான் தட்டுனா பொணங்கூட எந்திரிச்சு வரிசைல நிக்கும்ங்க."

ஒரு வளைவில் நின்று திரும்பி மேலே பார்த்தார். மைதானத்தின் விளிம்பு மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது.

"நெசமாவே தேயிலை வச்சிருவாங்களாங்க?" என்று கேட்டார். அம்பலவாணர், அப்படித்தான் சொல்லுகினம் என்றார். சன்னாசி எச்சில் துப்பிவிட்டு நடந்தார்.

அப்புத்தளை சாப்பாட்டுக் கடைக்கு எங்களுக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. தேத்தண்ணி கொண்டுவந்த முதலாளி உள்ளங்கைக்குச் சீனி வைக்கவில்லை. கேட்டதற்கு, "சங்கு ஊதிடுச்சுங்க, சீனி முடிஞ்சிருச்சு" என்றார். மற்ற மேசைகளில் எல்லோரும் சீனி நக்கிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் ஒரு வாரம் இருந்தது. ஒரு நாள் எல்ல என்ற ஊருக்குப் பஸ்ஸில் போனேன். மலை இரண்டாகப் பிளந்து அதன் வழியே கீழ்நாடு முழுவதும் தெரிகிற இடம் ஒன்று உண்டு. பஸ் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிய பிறகு அது எங்களை ஏற்றிக்கொள்ள மறந்து போய்விட்டது. திருச்சி பஸ்ஸும் தள்ளினால்தான் போகும், ஆனால் தள்ளியவனை ஏற்றிக்கொள்ளும். காட்சியை நடந்தே போய்ப் பார்த்தேன். பார்க்கத் தகுந்ததுதான்.

ஊசிக்கல்லிலிருந்து செய்திகள் வந்துகொண்டே இருந்தன. தினமும் மாலையில் முனியாண்டி ஆட்களைக் கூட்டிவைத்து, ஒருவனைச் சங்கு மாதிரி கத்தவிட்டு, கை தூக்காமல் ஓடப் பழக்குகிறானாம். கை தூக்கியவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பழக்கம் நன்றாகப் படிந்துவிட்டது. அடுத்த நாள் தொழிற்சாலையில் நிஜமான சங்கு ஊதியபோது இரண்டு பேர் கையை எடுக்காமல் நின்று, தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவிடம் நல்ல பூசை வாங்கினார்களாம்.

மறு சனிக்கிழமை, அலுவலக வேலையாக அம்பலவாணர் முன்னால் போய்விட்டதால், நான் தனியாகத் தெமோதரைக்கு ரயிலேறினேன். முன்பு இந்த வழியாகப் போனபோதெல்லாம் தூங்கிவிட்டிருந்தேன். ரயில் ஒரு மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழையும் சமயம் தலைக்கு நேர்மேலே பார்த்தால் ஸ்டேஷன்! பெயர்ப் பலகையும் பூந்தொட்டியும்கூடத் தெரிந்தன. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் என் தலைமேல் இருக்க, ரயில் அதன் அடியில் புகுந்து ஓடியது. "நிறுத்துங்கள், ஸ்டேஷன் போய்விட்டது!" என்று பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினேன். எதிரே வெற்றிலை மென்றுகொண்டிருந்த சிங்களப் பெரியவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் சொன்னதைப் பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார்: "ஸ்டேஷன் எங்கும் போகாது. நாம் மலையைச் சுற்றி ஏறி அதனிடம் வருவோம். வெற்றிலை போடுங்கள்." அப்படியே ஆயிற்று. வாய் சிவந்து இறங்கினேன்.

கரடிப்பள்ளத்து மைதானம் பெயருக்கேற்றபடி பள்ளத்தில், சதுப்பாக இருந்தது. ஆட்டம் இல்லாத நாளில் மாடு மேயும் இடம். ஆட்டம் உள்ள நாளில் மாடுகளைக் கேட்டுக்கொண்டு விளையாடுவார்கள். நான் கோடுகளைப் பார்க்கப் போனபோது ஒரு பசு மூலையில் படுத்திருந்தது. அது எழுந்திருக்காததால் கார்னர் உதையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ள இரு கேப்டன்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஊசிக்கல் சனம் இரண்டு லொறியிலும் நடந்தும் வந்திருந்தது. கூடைப் பெண்களும் வந்திருந்தார்கள். சரிவே இல்லாத மைதானத்தில் அவர்களுக்கு வேலையில்லை, ஆனாலும் கூடையோடு வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் முனியாண்டி என்னிடம் வந்தான். இந்தத் தடவை கத்தவில்லை.

"சரிசமமா ஆயிட்டா என்னாங்க ஐயா?"

"தலைவர் காசு சுண்டுவார். பூவா தலையா" என்றேன்.

"வெட்டுன கிரவுண்டு காசுலயா போவணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் பாதியில் கரடிப்பள்ளம் ஒரு கோல் போட்டது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; நல்ல கோல். ஆக, இரண்டு ஆட்டமும் சேர்த்து இரண்டுக்கு இரண்டு. அதற்குப் பிறகு சேற்றில் யாரும் யாரையும் தாண்ட முடியவில்லை. பந்து மாட்டுச் சாணத்தில் விழுந்து விழுந்து இரண்டு பங்கு கனமாகிவிட்டது. ஊசிக்கல் துரை சுருட்டைக் கடித்துக்கொண்டே இருந்தார், பற்ற வைக்கவில்லை. தலைவர் துரை சட்டைப் பையில் காசைத் தேட ஆரம்பித்ததை நான் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், கடிகாரத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஒரு கோல் போடுங்களேன், இந்தக் காசிடமிருந்து அந்த மைதானத்தைக் காப்பாற்றுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆனால் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை.

ஆட்டம் முடியப்போகும் தறுவாய். பந்து நடுவில் முனியாண்டியிடம் இருந்தது. எதிரே கரடிப்பள்ளத்து ஆட்கள் சுவர் மாதிரி நின்றார்கள். அப்போது மேளம் மாறியது.

அதுவரை ஆட்டத்துக்காக அடித்துக்கொண்டிருந்த சன்னாசி சட்டென்று நிறுத்தி, வேறொரு அடி அடித்தார். மூன்று நீளம், மூன்று குட்டை, மறுபடி மூன்று நீளம். நான் அதைக் கேட்டதே இல்லை. கரடிப்பள்ளம் தினமும் விடியக்காலையில் கேட்கும் அடி அது.

பதினோரு பேரும் பந்தை விட்டார்கள். ஓடிவந்து கோட்டோரமாக ஒருவர் பக்கத்தில் ஒருவராக வரிசையில் நின்றார்கள். கோல் காவலன் கடைசியாக மூச்சிரைக்க வந்து வரிசையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டான். கூட்டத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கங்காணி தன்னையறியாமல் எழுந்து, முதல் ஆளைப் பார்த்து, "பேரு?" என்று கேட்டேவிட்டார்.

முனியாண்டி ஒரு கணம் திகைத்து நின்றான். அந்தக் கணத்தில் அவன் கைகள் மேலே போகப் பார்த்ததை நான் கண்டேன். அடக்கிக்கொண்டு ஓடினான். யாருமில்லாத சேற்றில் தனியாக அந்தச் சாணிப் பந்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கோலுக்குள் போட்டான்.

கரடிப்பள்ளத்தார் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "பெரட்டு அடிச்சா நிக்கணுமுங்க ஐயா! நிக்காட்டி அன்னிக்குப் பேரும் இல்ல, கூலியும் இல்ல!" என்றான் அவர்கள் கேப்டன்.

"போன வாரம் சங்கு ஊதியபோது நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "விசிலுன்னு சொன்னீங்க" என்றான். பக்கத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். அதோடு சண்டை முடிந்தது. நான் கோல் என்று கை காட்டி, கொஞ்ச நேரத்தில் கடைசி விசிலையும் ஊதினேன்.

மூன்றுக்கு இரண்டு. ஊசிக்கல் துரை முனியாண்டியின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கி, மைதானம் அப்படியே இருக்கும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார். அம்பலவாணர் தமிழில் சொல்வதற்குள் சனத்துக்குப் புரிந்துவிட்டது. முனியாண்டி சேற்றிலேயே உட்கார்ந்து, பெரிய குரலில், மிஷினையும் மீறுகிற குரலில் அழுதான். கூடைப் பெண்கள் கிண்ணத்தை ஒரு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டார்கள். நானும் அழுதேன், மறைக்கவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டதல்லவா.

புறப்படும்போது சன்னாசியைத் தேடிப் போனேன். பசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேளத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். தோட்டம் முழுவதும் அவரை வைதுகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் கை மாறிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். என்னிடமும் அதையே சொன்னார்.

"விடியக்காலை அடிக்கிற அடி, சாயங்காலம் எப்படிங்க கைக்கு வரும்?" என்று கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. பயலுகளுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சு இதுல கட்டிடுவானுங்க" என்றார். பிறகு மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"நம்ம கிரவுண்டு மாடு மேயிற எடம், எங்கயும் போயிடாதுங்க. அவங்க கிரவுண்டுல தேயிலை வச்சுட்டா, அடுத்த வருசம் நாங்க யார்கூட வெளாடுறது?"

நான் விசிலைக் கழற்றிப் பையில் போட்டேன். அவரே கேட்டார். "அடுத்த வருசமும் விசிலு ஊத வருவீங்களா?"

"வந்தால் எந்தக் கிரவுண்டுக்கு வரணும்?"

"ரெண்டுக்குந்தாங்க" என்றார் சன்னாசி. "ரெண்டு எடத்துலயும் வெளாடணும்னு தொரையே சொல்லிட்டாரே."